அம்மாவின் காலில் இருந்த வெள்ளை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடி உட்கார்ந்தால் பேச்சு எப்படியாவது சின்ன வயதுப் பயங்களில் வந்து நின்றுவிடுகிறது. ஒருவர் ஊர் எல்லையில் இருந்த முனியைச் சொல்கிறார். ஒருவர் கணக்கு வாத்தியாரைச் சொல்கிறார். அவர் முனியைவிட மோசம் என்று எல்லோரும் சிரிக்கிறோம். நானும் சிரிக்கிறேன், ஆனால் என் பயத்தை மட்டும் சொன்னதில்லை. எனக்கு மேகம் இல்லாத வானத்தைக் கண்டால் பயம். அதிலும் புரட்டாசி மாதத்தில், மேற்கே ஒரு பொட்டு மேகம் கூட இல்லாமல் வானம் வெளுத்துக் கிடந்தால் எனக்கு இன்றைக்கும் ஒரு வேலை ஓடாது. இந்த வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பாதையில், ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. கரிசல் மண். மழை பெய்தால்தான் விவசாயம். எங்கள் பக்கம் காடு என்றால் மரம் அடர்ந்த காடு இல்லை, வானத்தை நம்பி விதைக்கிற நிலத்துக்கே காடு என்றுதான் பெயர்.

அம்மா அந்தக் காட்டுக்காகவே பிறந்தவள் போல இருப்பாள். வீடு என்பது அவளுக்குத் தானியம் வைக்கவும் சோறு பொங்கவும் இருந்த இடம், அவ்வளவுதான். விடிவதற்குள் அடுப்பு வேலையை முடித்துவிட்டு, லாரி டயரில் வெட்டிச் செய்த செருப்பை மாட்டிக்கொண்டு, சேலையை முழங்காலுக்குக் கீழே வரை தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவாள். வேலை இருந்தாலும் போவாள், இல்லாவிட்டாலும் போவாள். சாப்பாட்டைக்கூட வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. வெளியே கல்லில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி சாப்பிடுவாள். தூங்குவதும் வாசலில்தான்.

என்னையும் தம்பியையும் காட்டுக்குக் கூட்டிப் போவாள். வேலிக்கருவைக்கு நடுவே சூரைப்பழம் எங்கே பழுத்திருக்கிறது, எந்தப் புதரில் கவுதாரி இருக்கிறது என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு கோடையில், உழுது போட்ட வெறும் தரையில் ஆள்காட்டிக் குருவி இட்டிருந்த முட்டைகளைக் காட்டினாள். மண்ணாங்கட்டி நிறத்தில் இருந்ததால் எனக்கு முதலில் கண்ணுக்கே தெரியவில்லை. குருவி எங்கள் தலைக்கு மேல் கத்திக் கத்திப் பறந்தது.

"பாத்தியா தாயி, இவளும் என்னைய மாதிரிதான். கூடு கட்டத் தெரியாத கழுத. வெட்டவெளில புள்ள பெத்துப் போட்டுட்டுக் கத்துறா" என்று சொல்லிச் சிரித்தாள். அந்த முட்டைகள் பொரிகிற வரைக்கும் அந்தப் பக்கம் போகிற ஆட்டுக்காரர்களை எல்லாம் அதட்டிச் சுற்றிப் போகவைத்தாள்.

அவளுடைய வலது கணுக்காலுக்கு மேல் தோல் வெளுத்து ஒரு வெள்ளை இருந்தது. மல்லி இலை அளவுதான் இருக்கும். வாசலில் படுத்திருக்கும்போது நான் அவள் காலடியில் சுருண்டுகொண்டு அதைத் தடவியபடியே தூங்கிப்போவேன். அது எல்லா அம்மாவுக்கும் இருப்பது என்று நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் எல்லோரும் வழக்கம்போலப் புழுதியில் விதைத்தார்கள். மழைக்குக் காத்திருக்காமல், காய்ந்த மண்ணிலேயே விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பது எங்கள் பக்கத்து முறை. சோளமும் பருத்தியும் புழுதிக்குள் கிடந்தன. மழை வரவில்லை. எறும்பு கொஞ்சம் இழுத்துக்கொண்டு போயிற்று, கவுதாரி கொஞ்சம் கிண்டிப் பொறுக்கிற்று. ஊரில் ஆட்கள் சத்தமாகப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அய்யா, அதாவது என் அப்பா, பந்தல்குடியில் லாரிக்கு லோடு ஏற்றப் போய்விட்டார். வாரத்துக்கு ஒருமுறை வருவார்.

அதற்கு முந்தின கோடையில் ஊர்த் தலையாரி இறந்திருந்தார். நல்ல மனிதர். எங்களைப் போன்ற சின்னப் பிள்ளைகளுக்குப் பனங்கிழங்கு கொடுப்பார். அவர் கை, முகம், உதடு எல்லாம் வெள்ளை விழுந்திருக்கும். எங்கள் ஊர் வழக்கப்படி அவரைப் புதைத்திருந்தார்கள்.

புரட்டாசி பாதி போன பிறகு ஒரு சாயங்காலம், நான் ஊருணிக் கரையில் நின்றுகொண்டிருந்தபோது ஆண்கள் வரிசையாகப் போனார்கள். தோளில் மண்வெட்டி, கையில் கடப்பாரை. ஒருவர் மண்ணெண்ணெய் டின் வைத்திருந்தார். பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் இடுகாட்டுப் பக்கமிருந்து புகை எழும்பியது. அய்யாவின் அக்கா, எங்கள் அத்தை, ஓடி வந்து என்னை வீட்டுக்கு இழுத்துப் போனாள்.

"என்ன அத்த எரிக்கிறாக?"

"தலையாரியத் தோண்டி எடுத்து எரிக்கிறாக. வெள்ள விழுந்த ஒடம்ப மண்ணுக்குள்ள வச்சா மழ பேயாதுடி. இத மொதல்லயே செஞ்சிருக்கணும்."

பனங்கிழங்கு கொடுத்த அந்தக் கையை நினைத்துக்கொண்டேன். அடுத்த நொடி அம்மாவின் கணுக்கால் ஞாபகத்துக்கு வந்தது. பயம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கு முன்பு பயந்ததெல்லாம் விளையாட்டு.

மறுநாளிலிருந்து நான் அம்மாவுக்குக் காவல்காரியாகிவிட்டேன். அவள் எங்கே போனாலும் பின்னாலேயே போனேன். எதிரே ஆள் வந்தால் அவள் வலது கால் பக்கம் போய் ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"சேலையக் கீழ எறக்கி விடும்மா."

"எறக்கி விட்டா முள்ளு இழுக்கும் தாயி. ஒனக்கு என்ன வந்துச்சு?"

சொன்னால் அது நடந்துவிடும் என்று நினைத்தேன். ஒருநாள் அவள் தூங்கும்போது அடுப்புக்கரியை உரசி அந்த வெள்ளையின் மேல் பூசினேன். பிடித்துக்கொள்ளும் என்று நம்பினேன். காலையில் அவள் கால் கழுவியதும் அது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. அதுமட்டுமில்லை, மல்லி இலை அளவு இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக வெற்றிலை அளவுக்கு ஆகியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பக்கத்தில் புதிதாக ஒன்று முளைத்திருந்தது.

அதை அத்தையும் பார்த்துவிட்டாள்.

அத்தையைப் பற்றி நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது. அவள் கெட்டவள் இல்லை. அம்மாவுக்குப் பிரசவம் பார்த்ததும் அவள்தான், பத்தியம் வைத்ததும் அவள்தான். எனக்கு வந்த பயம்தான் அவளுக்கும் வந்தது. நான் சின்னப் பெண், கரியைப் பூசினேன். அவள் பெரியவள், அவள் கையில் அதிகாரம் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அய்யா வந்த அன்று அவரிடம் பேசினாள். "வெயிலு பட்டாப் பரவும்டா. உள்ளயே இருந்தா மறஞ்சிரும். ஊரு கண்ணுலயும் படாது. இப்ப இருக்க நெலமயில எவனாச்சும் பாத்தான்னா, மழ பேயாததுக்கு இவ மேலதான் பழி வரும்."

அய்யா தலையைக் குனிந்துகொண்டு அம்மாவிடம் சொன்னார். "கொஞ்ச நாளைக்கு அக்கா சொல்றபடி கேளு."

அம்மா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். என்னையும் தம்பியையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். எங்களுக்காகத்தான் போனாள் என்பது எனக்கு இப்போது புரிகிறது.

எங்கள் வீட்டில் ஒரே ஓர் உள்ளறைதான். ஜன்னல் கிடையாது. தானியம் கொட்டி வைக்கிற குலுக்கை பாதி அறையை அடைத்துக்கொண்டு நிற்கும். மண்ணால் செய்த, ஆள் உயரப் பானை அது. அந்த வருஷம் அதில் தானியம் இல்லை. அத்தை அம்மாவின் டயர் செருப்பை எடுத்து அந்தக் குலுக்கைக்குள் போட்டுவிட்டாள். செருப்பு இல்லாமல் எங்கள் காட்டில் ஒருவரும் நடக்க முடியாது, வேலிக்கருவை முள் பாதத்தைத் துளைத்துவிடும். அதுதான் பூட்டு.

கார்போக அரிசி என்று நாட்டு மருந்துக் கடையில் ஒரு விதை கிடைக்கும். அத்தை அதை வாங்கி அரைத்துத் தினமும் அந்த வெள்ளையில் பூசிவிடுவாள். கருப்பாக இருக்கும், கசப்பு வாடை அடிக்கும். பிற்பாடு அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டரம்மா என்னிடம் சொன்னார், அந்த மருந்து பூசினால் அளவாக வெயில் பட வேண்டும், பட்டால்தான் வேலை செய்யும் என்று. அத்தை அதைப் பூசி இருட்டில் உட்காரவைத்தாள். இதை நினைத்தால் எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாது.

ஆரம்பத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அம்மா உள்ளே இருக்கிறாள், அவளை ஒருவரும் பார்க்க முடியாது என்று நினைத்துப் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் பாடம்கூடக் கேட்டேன். அந்த நிம்மதி ரொம்ப நாள் நீடிக்கவில்லை. அம்மா சாப்பிடுவது குறைந்தது. வைத்த சோறு அப்படியே இருந்தது. கன்னம் ஒட்டிப்போயிற்று. கதவு இடுக்கில் விழுகிற வெளிச்சத்தில் கையை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெளிச்சம் நகர நகரக் கையும் நகரும்.

"வெளிய காத்து எந்தப் பக்கம் அடிக்குது தாயி?" என்று கேட்பாள். சொல்வேன். "மேகம் இருக்கா?" என்பாள். இல்லை என்று சொல்லாமல் பள்ளிக்கூடத்துக் கதை எதையாவது எடுத்துவிடுவேன்.

இப்போது என் பயம் திரும்பிக்கொண்டது. அம்மா இந்த அறைக்குள்ளேயே செத்துப்போய்விடுவாளோ என்று நினைத்தேன். செத்தால் புதைப்பார்கள். புதைத்தால் மழை வராது. மழை வராவிட்டால் மண்வெட்டியும் கடப்பாரையுமாக வருவார்கள். இது ஒன்றின் பின் ஒன்றாக என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். சோறு வாயில் வைத்தால் அந்தப் புகை வாடை வந்தது. ஒரு சின்னப் பெண்ணுக்கு இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்லத் தெரியும்?

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். கதவு ஒருக்களித்துத் திறந்து கிடந்தது. அத்தை தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். அறைக்குள் மருந்துக் கிண்ணம் மட்டும் இருந்தது. அம்மா இல்லை.

பையைப் போட்டுவிட்டு ஓடினேன். ஊருக்கு வெளியே வந்ததும்தான் கவனித்தேன், மேற்கே வானம் கறுத்திருந்தது. காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. இடி கேட்டது. இடி விழாமல் இருக்க எங்கள் பக்கம் சொல்கிறபடி "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று கத்திக்கொண்டே ஓடினேன். எங்கள் புஞ்சையின் நடுவில், ஒதுங்க ஒரு செடி இல்லாத இடத்தில், அம்மா நின்றிருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். காலில் செருப்பு இல்லை. பாதமெல்லாம் ரத்தம்.

"வீட்டுக்கு வாம்மா! ஆளுக பாத்துருவாக! வாம்மா!"

"பாக்கட்டும்."

"ஒன்னையத் தோண்டி எரிச்சுருவாகம்மா!"

சொல்லிவிட்டேன். இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தது வாயிலிருந்து விழுந்துவிட்டது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். கரி, சேலை, நான் பின்னாலேயே அலைந்தது எல்லாம். மண்டி போட்டு என்னைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் உடம்பு எலும்பாகக் குத்தியது.

"செத்தப்பறம் என்னைய என்ன செஞ்சா எனக்கென்ன தாயி? எரிக்கட்டும், பொதைக்கட்டும். உசுரோட இருக்கைல என்னைய உள்ள வச்சுப் பொதைக்காம இருந்தாப் போதும்."

மழை இறங்கியது. கரிசல் மண் நனைந்து காலைப் பிடித்துக்கொண்டது. இருவரும் நடக்க முடியாமல் தடுமாறி, விழுந்து எழுந்து வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் அத்தை நின்றாள். அம்மாவின் பாதத்தைப் பார்த்தாள். விளக்கைக் கொண்டுவந்து வைத்து, ஊசியால் முள் எடுக்க உட்கார்ந்தாள். எடுத்து முடிக்கிற வரைக்கும் அவள் கண்ணில் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. அதற்குப் பிறகு அம்மாவை உள்ளே இருக்கும்படி அவள் சொன்னதில்லை. செருப்பைக் குலுக்கைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். அந்தச் செருப்பு பிறகு எப்போது தேய்ந்தது, எங்கே போயிற்று என்று எனக்கு ஞாபகம் இல்லை. இன்றைக்குக் கிடைத்தால் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்வேன்.

மழை வந்ததில் என் பயம் போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. மறுநாள் ஊரே சந்தோஷத்தில் இருந்தது. ஊர்ப் பெரியவர் எங்கள் வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "பாத்தீகளா? தலையாரிய எரிச்சம், பேஞ்சிருச்சு." எரித்ததற்கும் பெய்ததற்கும் நடுவே எவ்வளவு நாள் காய்ந்து கிடந்தது என்பதை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான் நம்பிவிட்டேன். அந்த நம்பிக்கை என் ஈரக்குலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

அம்மா அதன் பிறகு நெடுங்காலம் வாழ்ந்தாள். வெள்ளை கால் முழுக்க ஏறி, கைக்கு வந்து, முகத்துக்கும் வந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. அய்யா போன பிறகும், தம்பி மாடி வீடு கட்டிய பிறகும், அவள் கட்டில் வெளியேதான் கிடந்தது. நான் கல்யாணமாகிப் பாளையம்பட்டிக்கு வந்து தையல் கடை வைத்தேன். ஒருநாள் கடையில் மிஷினை மிதிக்கும்போது என் கணுக்காலில் மல்லி இலை அளவுக்கு ஒரு வெள்ளையைப் பார்த்தேன். அன்றிலிருந்து என் சேலை எல்லாம் தரையைத் தொடும். தையல்காரிதானே, கீழே அகலமாக ஒரு பட்டையை வைத்துத் தைத்துக்கொள்வேன். என் வீட்டுக்காரரையும் டாக்டரம்மாவையும் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது. இது தொற்றாது, இதனால் ஒன்றும் ஆகாது என்று டாக்டரம்மா எத்தனையோ முறை சொல்லிவிட்டார். தெரியும் என்று தலையாட்டிவிட்டு வந்து பட்டை வைத்துத் தைப்பேன்.

இந்தச் சித்திரையில் அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள், வாசல் கட்டிலில்.

தம்பி திகைத்து நின்றான். எங்கள் ஊரில் இப்போது எரிமேடை கட்டி, மேலே தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். "எரிச்சுரலாம்க்கா. பொதச்சாலும் இப்ப ஊர்ல யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக. ஆனா மழ கிழ பேயாமப் போச்சுன்னா..." என்று இழுத்தான். அவன் மனதில் இருந்ததுதான் என் மனதிலும் இருந்தது.

அத்தை இன்னும் இருக்கிறாள். நடக்க முடியாது, நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்திருந்தார்கள். அதுவரை அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தவள் தலை நிமிர்ந்தாள்.

"அவளக் காட்டுல வைங்க. நான் ஒருக்க அவளக் கூரைக்குள்ள அடச்சு வச்சது போதும். தகரத்துக்குக் கீழ கொண்டு போகாதீக."

எங்கள் புஞ்சையிலேயே, வரப்பு ஓரத்தில் அம்மாவைப் புதைத்தோம்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. ஆவணி கழிந்து புரட்டாசி வந்தது. ஊரில் புழுதியில் விதைத்துவிட்டார்கள். மழை இல்லை. தம்பிக்குப் போன் போட்டு, சுகம் விசாரிக்கிற மாதிரி விசாரித்துவிட்டு, "மேகம் இருக்காடா?" என்பேன். அவன் இல்லை என்பான். ஒருநாள் தாங்க முடியாமல் பஸ் ஏறிப் போய்விட்டேன். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே காட்டுக்குப் போய் அம்மாவின் மேட்டுக்குப் பக்கத்தில் குடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காவலுக்குத்தான். வேறு என்ன?

பொழுது சாய்கிற நேரம். கண்ணில் புரை விழுந்திருப்பதால் எனக்குத் தூரத்தில் ஆள் அடையாளம் தெரியாது. ஊர்ப் பக்கமிருந்து வரிசையாக ஆண்கள் வருவது மட்டும் தெரிந்தது. தோளில் மண்வெட்டி. ஒருவன் கையில் கடப்பாரை.

நான் எழுந்துவிட்டேன். முட்டி வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மேட்டின் மேல் ஏறி நின்று குடையைக் கம்பு மாதிரி பிடித்துக்கொண்டேன். "யாருடா அது? கிட்ட வராதீக! எங்கம்மாவத் தொட்டீகன்னா நல்லாருக்காது!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே சின்னப் பெண் குரலாகக் கேட்டது.

முன்னால் வந்தவன் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான். தம்பியின் மகன்.

"அத்த! நாந்தேன் அத்த! நீங்க எப்ப வந்தீக? ஏன் இப்படி நடுங்குறீக?"

"எதுக்குடா கடப்பாரையோட வாறீக?"

"மேக்க இருட்டிக்கிட்டு வருதுல்ல, அத்த. போன வருசம் ஒடஞ்ச வரப்பக் கட்டிப் போட்டாத்தான் தண்ணி நிக்கும். அப்படியே அப்பத்தா மேட்டுல நாலு கூட மண்ணப் போடலாம்னு வந்தம். கோடையில வெடிச்சுப் போச்சு. மழ பேஞ்சா உள்வாங்கிரும்."

நான் மேட்டிலிருந்து இறங்கினேன். அவனும் கூட வந்த பையன்களும் மண் வெட்டினார்கள். எடுப்பதற்கு இல்லை, போடுவதற்கு. ஒருவன் கூடையில் அள்ளிக்கொண்டு வந்து, செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, அம்மாவின் மேல் பரப்பினான். வெடிப்பெல்லாம் மூடின. நான் நின்று அழுதேன். அம்மாவை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி, அவர்கள் வேலையைப் பார்த்தார்கள்.

அன்று மழை பெய்யவில்லை. கறுத்த மேகம் அப்படியே கிழக்கே போய்விட்டது. பையன்கள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நாளைக்குப் பெய்யும் என்று சொல்லிக்கொண்டு மண்வெட்டியைத் தோளில் போட்டார்கள்.

"வாங்க அத்த, வீட்டுக்குப் போவம். பாதையெல்லாம் முள்ளு, பாத்து வாங்க. சேல இழுபடுது பாருங்க."

குனிந்து சேலையைத் தூக்கிச் செருகினேன். கணுக்கால் தெரிந்தது. தம்பி மகன் அதைப் பார்த்தான், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான்.